நான்கு வயதுக் குதிரைக்கு எந்த பிட்?

வாசகர் கேள்வி: என் குதிரைக்கு நான்கு வயது. காயடித்த ஆண். சவாரிப் பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. பிட், அதாவது கடிவாளத்தோடு வாய்க்குள் போகும் தண்டு, இப்போது ஒற்றை மூட்டு வைத்த லூஸ் ரிங் ஸ்னாஃபில் (நெம்புகோல் இல்லாதது, வளையம் தளர்வாகச் சுழல்வது). மெதுவான நடையில் பிரச்சினை இல்லை, டிராட்டிலும் (துள்ளுநடை) ஓரளவு சொன்னபடி கேட்கிறான். கேன்டர் (அதைவிட வேகமான மிதமான பாய்ச்சல்) வந்ததும் தலையை உதறுகிறான், வாயைப் பிளக்கிறான்; கடிவாள வாரை இழுத்தால் நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமெடுக்கிறான். மூக்குப்பட்டையை இறுக்கிப் பார்த்தேன். வாய் திறப்பது குறைந்தது, தலை உதறல் கூடிவிட்டது. லாயத்தில் ஒருவர் பெல்லம் (பக்கத் தண்டும் தாடைச் சங்கிலியும் வைத்த நெம்புகோல் பிட்) போடச் சொல்கிறார். இன்னொருவர் முறுக்குக் கம்பி பிட் போட்டால் இரண்டே நாளில் அடங்குவான் என்கிறார். மூன்றாமவர் தடித்த ரப்பர் பிட்தான் இளங்குதிரைக்கு மென்மை என்கிறார். எதை வாங்குவது? பேசாமல் பிட் இல்லாத கடிவாளத்துக்கே போய்விடலாமா?

பதில்: பெல்லம் இப்போது வேண்டாம். முறுக்குக் கம்பி எப்போதுமே வேண்டாம். ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். குதிரைக்கு நான்கு வயது என்கிறீர்கள். பற்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வருவது சுமார் இரண்டரை வயதில் ஆரம்பித்து ஐந்து வயதில்தான் முடியும். நடு வெட்டுப்பற்கள் இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். இவை வெளியே தெரிவதால் எல்லோரும் கவனிக்கிறார்கள். உள்ளே கன்னப் பக்கமும் இதே காலத்தில் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பற்கள் மாறுகின்றன. அதில் கடைசியானது ஏறக்குறைய நான்கு வயதை ஒட்டி மாறும். புதுப் பல் கீழிருந்து தள்ளும்போது பால்பல்லின் மிச்சம் மேலே ஆடிக்கொண்டிருக்கும். பல் பார்ப்பவர்கள் இதை 'கேப்' என்பார்கள். அது பாதி கழன்று பல் ஈறில் குத்தினால் குதிரை தலையை உதறாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஆண் குதிரைகளுக்குக் கோரைப்பற்கள் முளைப்பதும் நான்கு, ஐந்து வயதில்தான். அவை வருகிற இடம், பிட் உட்காரும் வெற்றிடத்தின் முன்பகுதி. ஓநாய்ப் பல் என்கிற சின்னப் பல் வேறு உண்டு. அது ஒரு வயதுக்குள்ளேயே முளைத்துவிடும், எல்லாக் குதிரைக்கும் இருக்காது, இருந்தால் பெரும்பாலும் மேல்தாடையில் முதல் கன்னப்பல்லுக்குச் சற்று முன்னால் இருக்கும். சில சமயம் ஈற்றுக்குள்ளேயே மறைந்து கிடக்கும். பிட் பின்னால் இழுபடும்போது இடிபடுகிற இடம் அது.

ஆக, உங்கள் குதிரையின் வாய்க்குள் இப்போது நிறைய நடந்துகொண்டிருக்கிறது. குதிரைப் பல் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, மயக்க மருந்து கொடுத்து, வாய்த் திறப்பான் மாட்டி, விளக்கு வைத்து முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று போகிறவர் போதாது. மேல் கன்னப்பற்களின் வெளி விளிம்பு கூர்மையாகியிருக்கிறதா, கன்னத்தின் உட்புறத்தில் புண் இருக்கிறதா, நாக்கின் ஓரத்தில் காயம் இருக்கிறதா, பிட் படுகிற ஈற்றில் வீக்கம் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பது நல்லது.

மூக்குப்பட்டையை இறுக்கியதும் உதறல் கூடியதாகச் சொன்னீர்கள். அதுவும் இதையே காட்டுகிறது. இறுக்கிய பட்டை கன்னத்தைக் கூர்மையான பல் விளிம்பின் மேல் அழுத்தும். வாயைத் திறந்து வலியிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வழி அடைபட்டதும், மிச்சமிருந்த வழி கழுத்துதான். வாய் மூடியிருப்பதைப் பார்த்து "பிட்டை ஏற்றுக்கொண்டான்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. பட்டையை இன்றைக்கே தளர்த்துங்கள். மூக்கெலும்பின் மேல், நடுவில், இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்ப்பது ஏமாற்று. அங்கே சதை அமுங்கி இடம் கொடுத்துவிடும். சர்வதேசப் போட்டிகளில் 2025 முதல் இந்த இடைவெளியை அளவுகருவி வைத்தே சோதிக்கிறார்கள்.

மருத்துவர் வருவதற்குள் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பிட்டைக் கழற்றிவிட்டு, கவசான் (மூக்கின் மேல் வளையம் வைத்த தலைவார்) மாட்டி, லஞ்சிங் கயிற்றில், அதாவது நீளக் கயிற்றில் உங்களைச் சுற்றி வட்டமாக, இரண்டு பக்கமும் கேன்டர் விடுங்கள். முதலில் சேணம் இல்லாமல், பிறகு சேணத்தோடு. வாயில் ஒன்றுமே இல்லாதபோதும் தலையை உதறி ஓடுகிறான் என்றால் சிக்கல் பிட்டில் இல்லை. சேணம் போட்டதும் மட்டும் மாறுகிறான் என்றால் முதுகையும் சேணத்தின் பொருத்தத்தையும் பாருங்கள். வளரும் குதிரையின் முதுகு சில மாதங்களிலேயே வடிவம் மாறிவிடும், போன பருவத்தில் பொருந்திய சேணம் இப்போது தோளைப் பிடிக்கலாம். இரண்டிலும் அமைதியாக ஓடி, வாரைப் பிடித்தால் மட்டும் வெடிக்கிறான் என்றால் அப்போது வாயையும் பிட்டையும் உங்கள் கையையும் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் மூன்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

பிட் எதன் மேல் வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். முன்பற்களுக்கும் கன்னப்பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடம் இருக்கிறது. அங்கே கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு குறுகலானது. அதை மூடியிருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். வாய் மூடியிருக்கும்போது உள்ளே காலி இடம் அநேகமாகக் கிடையாது. நாக்கே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருக்கும். எனவே எந்த பிட்டைப் போட்டாலும் முதல் அழுத்தம் நாக்கின் மேல், அடுத்து ஈற்றின் மேலும் உதட்டு ஓரத்திலும் விழும். ஒற்றை மூட்டு பிட் வாரை இழுத்ததும் 'வி' வடிவில் மடங்கி மேலண்ணத்தில் குத்தும் என்று எல்லோரும் சொல்வார்கள். கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஹிலரி கிளேட்டன் 1980களில் தொடங்கிக் குதிரை வாய்க்குள் பிட் எப்படி நகர்கிறது என்பதை எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்தார். வாரை இழுக்கும்போது பிட் நாக்குக்குள் அமுங்குவதுதான் அதில் முக்கியமாகத் தெரிந்தது. மேலண்ணம் தாழ்வாக உள்ள குதிரைக்கு அங்கேயும் இடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை மூட்டின் முதல் குறை, இரண்டு பக்க வாரையும் ஒரே நேரத்தில் இழுத்தால் நாக்கையும் தாடையையும் பாக்குவெட்டி மாதிரி இரு பக்கமிருந்தும் நெருக்குவது. நிறுத்துவதற்காக நீங்கள் கேன்டரில் செய்துகொண்டிருப்பதும் அதே இழுப்புதான்.

இனி பிட். உங்கள் நிலைமையில் நான் முதலில் எடுப்பது இரட்டை மூட்டு ஸ்னாஃபில்: நடுவில் உருண்டையான அவரைக்கொட்டை வடிவக் கண்ணி வைத்தது, ரிங் எக்பட் வகை. நடுக்கண்ணி இருப்பதால் நாக்கின் வளைவை ஒட்டி உட்காரும். எக்பட் ரிங் அசையாமல் இருக்கும். லூஸ் ரிங் போல உதட்டு ஓரத்தைக் கிள்ளாது, கையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் வாய்க்குக் கொண்டுபோகாது. வாங்கும்போது நடுத்துண்டைக் கவனியுங்கள். டாக்டர் பிரிஸ்டல் என்ற வகையிலும் நடுத்துண்டு உண்டு, ஆனால் அது தட்டையாகவும் சாய்வாகவும் இருக்கும். விளிம்பு நாக்கில் பதியும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி, வாய்க்குள் அப்படி இல்லை.

திரும்பச் சொன்னால் கழுத்தை மட்டும் வளைத்துத் தோளை எதிர்ப்பக்கம் விடுகிற குதிரையாக இருந்தால் எக்பட்டுக்குப் பதில் ஃபுல் சீக் எடுக்கலாம். அதன் நீண்ட தண்டு எதிர்க் கன்னத்தில் மெல்லத் தொட்டு வழிகாட்டும். வலையிலோ வேலியிலோ மாட்டிக்கொள்ளும் அபாயம் அதற்கு உண்டு; போட்டுக்கொண்டே குதிரையைக் கட்டி வைக்காதீர்கள். நீங்கள் திருப்பத்தைப் பற்றிக் குறை எதுவும் சொல்லாததால் எக்பட்டே போதும். இரட்டை மூட்டைப் போட்ட பிறகும் நாக்கைப் பின்னால் இழுத்து, பிட்டுக்கு மேலே போட முயன்றால், மூட்டே இல்லாத, லேசாக வளைந்த முல்லன் மவுத்தை முயன்று பாருங்கள். அசையும் பிட்டே பிடிக்காத குதிரைகள் இருக்கின்றன.

தடிமன் விஷயத்தில்தான் உங்கள் மூன்றாவது ஆலோசகர் பாதி சரி. தடித்த பிட் அழுத்தத்தைப் பரப்பும், மெல்லியது ஒரே கோட்டில் குவிக்கும், அதுவரை உண்மை. ஆனால் நாக்கு ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும் வாய்க்குள் 20 மி.மீ.க்கு மேல் தடித்த ரப்பர் உருளையைத் திணித்தால் வாய் மூடவே முடியாது, விழுங்கவும் சிரமம். பிறகு "வாயைத் திறக்கிறான்" என்று மூக்குப்பட்டையை இறுக்குவோம்! ரப்பருக்கு இன்னொரு குறையும் உண்டு: உமிழ்நீர் போதாத வாயில் வழுக்காமல் உதட்டோடு உராயும். கடித்துப் பிய்த்த ரப்பர் உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டத் தொடங்கினால் குப்பையில் போட வேண்டியதுதான். 14 முதல் 16 மி.மீ. வரை பெரும்பாலான குதிரைகளுக்குச் சரியாக வரும். டிரெஸாஜ் (குதிரையின் நடைகளையும் பயிற்சியையும் மதிப்பிடும் போட்டி) விதிகள் இளங்குதிரைப் பிரிவில் குறைந்தபட்சம் 14 மி.மீ. கேட்பதால், பின்னாளில் போட்டிக்குப் போனாலும் அந்த பிட் பயன்படும். வாயில் எவ்வளவு இடம் என்று தெரிய, வாய் மூடியிருக்கும்போது உதட்டு ஓரத்தை மெல்ல விலக்கி, பல் இல்லாத இடத்தில் ஒரு விரலை மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே வையுங்கள். விரல் நெருக்கப்பட்டால் 14-ஐத் தேர்ந்தெடுங்கள், தாராளமாக இருந்தால் 16. விரலைப் பின்னுக்குக் கொண்டுபோகாதீர்கள். கன்னப்பற்கள் விரல் என்று பார்க்காது.

அகலம் இதைவிட முக்கியம், இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வழவழப்பான மரக்குச்சி ஒன்றை பிட் இருக்க வேண்டிய இடத்தில் வாயில் குறுக்கே வைத்து, இரு உதட்டு ஓரங்களிலும் குறியிடுங்கள். உதடு அமுங்காமல் இருக்கட்டும். அந்த நீளத்தோடு எக்பட் என்றால் பக்கத்துக்குச் சில மி.மீ., லூஸ் ரிங் என்றால் பக்கத்துக்குச் சுமார் அரை செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பிட்டை நீட்டிப் படுக்கவைத்து ரிங்கின் உட்புறத்திலிருந்து உட்புறம் வரை அளக்க வேண்டும். பெரிய குதிரைகளுக்கு 5 அல்லது 5½ அங்குலம், அதாவது 12.5 முதல் 14 செ.மீ., அநேகமாகப் பொருந்தும். மூட்டு வைத்த பிட் அகலம் கூடினால் ஒரு வாரை இழுக்கும்போது மொத்தமாக ஒரு பக்கம் சறுக்கி, மூட்டு நடுவிலிருந்து விலகி ஈற்றின் மேல் வந்து நிற்கும். உங்களிடம் இருக்கும் பழைய பிட்டை இப்போதே அளந்து பாருங்கள். இன்னொரு குதிரையிடமிருந்து வந்ததாக இருந்தால் கண்டிப்பாக அளக்க வேண்டும்.

தொங்கவிடும் உயரத்துக்கு "உதட்டில் இரண்டு சுருக்கம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சதைப்பற்றான உதட்டில் சுருக்கம் சும்மாவே விழும், மெல்லிய உதட்டில் எவ்வளவு ஏற்றினாலும் விழாது. பிட் உதட்டு ஓரத்தைத் தொட வேண்டும், இழுக்கக் கூடாது. கோரைப்பல்லில் இடிக்கக் கூடாது. பிட்டைத் தாங்கும் கன்னவாரை ஒவ்வொரு துளையாக ஏற்றி இறக்கி, எந்த உயரத்தில் வாய் அமைதியாகிறது என்று பாருங்கள்.

உலோகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு போதும். செம்பு கலந்தது உமிழ்நீரைத் தூண்டும் என்பார்கள். மென்மையான உலோகம் என்பதால் மூட்டு சீக்கிரம் தேய்ந்து கூர்மையாகும். எந்த உலோகமானாலும் மூட்டில் விரலை ஓட்டி வாரம் ஒருமுறை சோதியுங்கள். வாயில் நிறைய நுரை வந்தால் நல்லது என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். தலையை மடக்கிப் பிடித்ததால் விழுங்க முடியாமல் வழிகிற நுரையும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

பெல்லத்தை ஏன் வேண்டாம் என்றேன்? அது கெட்ட பிட் இல்லை. இரண்டு ஜோடி வாரைத் தனித்தனியாகப் பிடிக்கத் தெரிந்த கையில், ஸ்னாஃபிலை நன்றாகக் கற்ற குதிரையின் வாயில், அது நுணுக்கமான கருவி. ஆனால் அதில் நெம்புகோல் இருக்கிறது. வாய்த்தண்டுக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. நீளமுள்ள தண்டு என்று வையுங்கள். கீழ் வாரில் 1 கிலோ அளவுக்கு இழுத்தால், மேல்முனை சுமார் 2 கிலோ அளவில் தாடைச் சங்கிலியையும் காதுக்குப் பின்னால் உள்ள பட்டையையும் இறுக்கும். இரண்டும் சேர்ந்து வாயின் மேல் 3 கிலோ விழும். கேன்டரில் பதற்றத்தில் நீங்கள் இழுப்பது 1 கிலோவோடு நிற்காது. இளங்குதிரைக்கு இன்னொரு குழப்பம்: நாக்கு, ஈறு, தாடைக்குழி, தலை உச்சி என்று நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் அழுத்தம் வரும். எதற்கு என்ன பதில் என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

முறுக்குக் கம்பி இரண்டு நாளில் அடக்கும் என்றவர் பொய் சொல்லவில்லை. அடக்கும். மூன்றாவது வாரம் ஈறு தடித்துப்போய் அதற்கும் பதில் வராது, அப்போது அவரே அடுத்த பிட்டைச் சொல்வார். குதிரை இரையாக வாழ்ந்த விலங்கு. வலி வந்தால் அது செய்யத் தெரிந்தது ஓடுவதுதான். வாரை இழுத்தால் வேகமெடுக்கிறான் என்று நீங்கள் எழுதியதன் பொருளும் அதுவே.

அதோடு, கேன்டரில் அவன் வேகமெடுப்பதை அடங்காமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வயதில், முதுகில் ஆளை வைத்துக்கொண்டு, வளைவில் கேன்டர் போவதற்கான சமநிலை இன்னும் வந்திருக்காது. எடை முன்கால்களில் விழ, விழாமல் இருக்க வேகத்தைக் கூட்டுகிறான். நீங்கள் இழுக்கிறீர்கள், அவன் உங்கள் கையில் சாய்ந்துகொள்கிறான். பிட்டை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே சவாரியில் சில வாரம் கேன்டரைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த நாட்களில் நடையில் நிற்கக் கற்றுக்கொடுங்கள். முதலில் உடலை நிமிர்த்தி மூச்சை வெளியே விடுங்கள், பிறகு விரல்களை மூடுங்கள், காத்திருங்கள். அவன் அடியைக் குறைத்த அந்தக் கணமே விரல்களைத் திறந்துவிடுங்கள். முழுசாக நிற்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தால் அவன் எதையும் கற்கமாட்டான். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, அது விலகும் நேரத்திலிருந்து. நடையில் விரல் மூடியதும் நிற்கிறவன் ஆன பிறகு, டிராட்டிலிருந்து நடை, மறுபடி டிராட் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். அது எளிதானதும் பெரிய வட்டத்தில் ஐந்தாறு கேன்டர் அடி, அவன் வேகம் கூட்டுவதற்கு முன்பே டிராட். இறக்குவதற்கு வாரைவிட வட்டத்தைச் சுருக்குவது உதவும். யாரையாவது கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கை எப்போது பின்னால் போகிறது என்பது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் மூக்குப்பட்டை, பிறகு பல், பிறகு பிட். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு அவன் திருந்திவிட்டால், எது உதவியது என்று உங்களுக்குத் தெரியாது, மோசமானாலும் தெரியாது. புது பிட்டுக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள், முதல் நாள் நன்றாகப் போனால் நம்பாதீர்கள். புதிதாக ஒன்று வாயில் வந்தால் எல்லாக் குதிரையும் ஒரு நாள் யோசிக்கும்.

கடைசியாக பிட் இல்லாத கடிவாளம். தாராளமாகப் போகலாம், ஆனால் பெயரைப் பார்த்து மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கின் மேல் அழுத்துகிற, தண்டு வைத்த மெக்கானிக்கல் ஹேக்கமோரும் நெம்புகோல்தான்; தாழ்வாகக் கட்டினால் மூக்கெலும்பின் மெல்லிய நுனியை அழுத்தி மூச்சையும் தடுக்கும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் என்பதை மறக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்றது மூக்குப்பட்டையில் பக்கத்துக்கு ஒரு வளையம் வைத்து அதில் வாரை மாட்டுகிற சாதாரண சைடுபுல். டிரெஸாஜ் போட்டி எண்ணம் இருந்தால் பின்னால் பிட்டுக்கு வர வேண்டியிருக்கும், பல இடங்களில் விதி அப்படி. ஆனால் இப்போதைக்கு எனக்கு அது வேறு காரணத்துக்காகப் பிடிக்கிறது: மருத்துவர் ஓநாய்ப் பல்லைப் பிடுங்கினாலோ, கேப்பை எடுத்தாலோ, புண் ஆறும்வரை வாயில் எதையும் போடக் கூடாது. அந்த நாட்களில் சைடுபுல்லை வைத்து நடையிலும் டிராட்டிலும் மேலே சொன்ன நிறுத்தப் பாடத்தைத் தொடரலாம். வேலி போட்ட மைதானத்துக்குள் மட்டும். எப்போது மறுபடி பிட் போடலாம் என்பதை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.